ஓனர் எதற்குப் படிக்க வேண்டும்? ஆள் வைத்துக்கொண்டால் போதாதா?

பிப்ரவரி 3, மாலை (வாசகர் கேள்வி)

ரொம்ப வருடமாகத் தொழில் நடத்துகிறேன். கணக்குக்கு ஆடிட்டர் இருக்கிறார், விற்பனைக்கு ஆள் இருக்கிறது, மெஷினைப் பார்த்துக்கொள்ள ஃபோர்மேன் இருக்கிறார். இப்போது யாரைப் பார்த்தாலும் "முதலாளி முதலில் தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும், தன் மேலேயே முதலீடு செய்ய வேண்டும்" என்று பாடம் எடுக்கிறார்கள். ஓனர் எதற்குப் படிக்க வேண்டும்? தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டால் போதாதா? அந்தக் காசில் இன்னொரு மெஷின் வாங்கிப் போடலாமே. பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

ஆள் வைத்துக்கொள்ளலாம், தாராளமாக. அந்த ஆள் செய்வது சரியா என்று பார்க்கப்போவது யார்? ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்டை நீட்டுகிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தவிர அதில் எதையும் பார்க்காத முதலாளிகளை எனக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று. விற்பனைப் பையன் சறுக்கினால் அவனுக்கு மேலே இருப்பவர் கவனிப்பார். திட்டுவார், அல்லது பயிற்சிக்கு அனுப்புவார். ஃபோர்மேன் சறுக்கினால் நாம் கவனிப்போம். நாம் சறுக்கினால்? மேலே யாரும் கிடையாது. வீட்டில் "இப்பல்லாம் ரொம்பக் கோபப்படறீங்க" என்பார்கள். "உங்க காஸ்டிங் (அடக்க விலைக் கணக்கு) தப்பு" என்று சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, கம்பெனியிலும் ஆள் இல்லை. இருந்தாலும் சம்பளம் கொடுப்பவரிடம் யார் சொல்வார்?

நான் அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். என் பதில்கள் அந்தப் பக்கமிருந்துதான் வரும். மற்ற தொழில்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 4, காலை

"ஆடிட்டர் இருக்கும்போது ஓனருக்குக் கணக்கு எதற்கு, ஒரு உதாரணம் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

அடக்கம் 100. மேலே 25 வைத்து 125க்குக் கொடுக்கிறோம். "எனக்கு 25 சதவீதம் நிற்குது" என்றுதான் வாய் சொல்லும். பார்ட்டி வந்து உட்கார்ந்து, "20 சதவீதம் குறைச்சுக்குங்க, வருஷம் பூரா ஆர்டர் உங்களுக்குத்தான்" என்கிறார். 25இல் 20 போனாலும் 5 மிஞ்சுமே என்று தலையாட்டுகிறோம். ஆனால் 125இல் 20 சதவீதம் என்பது 25. கைக்கு வருவது 100. அடக்க விலைக்கே கொடுத்தாகிவிட்டது, அதுவும் வருஷம் பூரா.

20 வேண்டாம், 10 சதவீதமே குறைத்தோம் என்று வையுங்கள். விலை 112.50. லாபம் 25இலிருந்து 12.50, சரி பாதி. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு சரக்கு ஓட்ட வேண்டும். இரண்டு மடங்கு பேப்பர் ரீல், இரண்டு மடங்கு லோடு, இரண்டு மடங்கு தலைவலி.

ஆடிட்டருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பேரம் நடக்கும்போது அவர் அந்த அறையில் இல்லை. "சரி" என்று சொல்லப்போவது நம் வாய். அந்த வாய்க்குப் பின்னால் கணக்கு இல்லையென்றால், வருடக் கடைசியில் அவர் வந்து நஷ்டத்தை நேர்த்தியாக டைப் அடித்துத் தருவார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, இரவு

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. விமானி வருடக்கணக்காக ஓட்டியவராக இருந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் உட்கார்ந்து தேறிக் காட்ட வேண்டும். டாக்டர்கள் தொடர்ந்து படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. நம்மை நம்பி இத்தனை குடும்பங்கள் சம்பளம் வாங்குகின்றன. நம்மிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என்று அச்சடித்துக்கொள்ள ஒரு அச்சகம் போதும்.

ஜெர்மனியில் பல கைத்தொழில்களில் சொந்தமாக நிறுவனம் நடத்த மாஸ்டர் தேர்வு தேறியிருக்க வேண்டும். அந்தத் தேர்வு நான்கு பாகம். ஒன்று செய்முறை, ஒன்று தொழில் அறிவு. மூன்றாவது, தொழில் நடத்தும் கணக்கும் சட்டமும். நான்காவது, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும் திறமை. தச்சருக்கு மரம் தெரிந்தால் மட்டும் கடை போட முடியாது. 2004இல் 53 தொழில்களுக்கு இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2020இல் அவற்றில் 12 தொழில்களுக்குத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு கட்டாயம் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, வந்தால் முதலில் அலறுபவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் தேர்வில் பாதி, வேலையைப் பற்றியதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிப்ரவரி 6

"பயிற்சி என்றாலே காசு பிடுங்கும் கூட்டம்" என்கிறார் ஒருவர். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன்.

நானும் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். மேடையில் புகை, காது கிழியும் பாட்டு. பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி "நீ ஜெயிக்கப் பிறந்தவன்" என்று சொல்ல வேண்டுமாம். என் பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பேப்பர் ரீல் சப்ளை செய்பவர். "என் பாக்கியை எப்போது கொடுப்பாய்" என்ற கேள்வி அவர் கண்ணில் தெரிய, வாயால் அந்த வசனத்தைச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் "அட்வான்ஸ்டு லெவல்" என்று அடுத்த கட்டணத்தை ஆரம்பித்தார்கள். நன்றாகக் கைதட்டக் கற்றுக்கொண்டு திரும்பினோம்.

அப்படிப்பட்ட இடத்துக்குப் போவதற்கு மெஷினே வாங்கலாம். கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான், இந்த விஷயத்தில்.

பிப்ரவரி 7

நேற்று எழுதியது மனசைப் பற்றிய பயிற்சி எல்லாமே குப்பை என்று தொனிக்கிறது. அவ்வளவு தூரம் போகக்கூடாது.

டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான வணிகப் பயிற்சி: கணக்கு, விற்பனை, நிதி. இன்னொரு பகுதியினருக்குத் தானாக முன்வந்து செய்யும் பழக்கம்: வாய்ப்பைத் தேடுவது, முட்டுக்கட்டை வந்தால் மாற்று வழி பார்ப்பது, முன்கூட்டித் திட்டமிடுவது. மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது கூட்டத்தின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சிக்காரர்களுக்கு 11, அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

ஆக மனசைத் தொடும் பயிற்சிக்கும் பலன் உண்டு. ஆனால் அது தோளைத் தட்டும் வேலை இல்லை. பழகிப் பழகிச் செய்ய வைத்திருக்கிறார்கள். கணக்குத்தான் முதல் என்று 4ஆம் தேதி முழங்கியவனுக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. இடிக்கட்டும்.

டொமினிக்கன் குடியரசில் நடந்த இன்னொரு சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. முறையான கணக்கியல் பாடம் எடுத்தவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. "தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே" மாதிரியான நாலு எளிய விதிகளைக் கற்றவர்களிடம் மாற்றம் தெரிந்தது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் செய்ய முடிகிற விஷயமாக இருந்தால் தங்குகிறது போலிருக்கிறது.

பிப்ரவரி 9

"எங்கள் நிர்வாகம் நன்றாகத்தான் இருக்கிறது, கற்க ஒன்றுமில்லை" என்று எழுதியவருக்கு.

உலக நிர்வாக ஆய்வு என்று ஒன்று பல நாடுகளில், ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் நடந்திருக்கிறது. பேட்டியின் முடிவில் மேலாளரிடம், "உங்களை விட்டுவிடுங்கள், உங்கள் நிறுவனம் எவ்வளவு நன்றாக நிர்வகிக்கப்படுகிறது? பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்பார்கள். சராசரியாக ஏழு வாக்கில் கொடுக்கிறார்களாம். அந்த மார்க்குக்கும் நிறுவனம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நானும் ஏழுதான் நினைத்தேன்.

மும்பைக்கு அருகே உள்ள நெசவு ஆலைகளில் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் புளூம் குழு செய்த ஆய்வு 2013இல் வந்தது. சர்வதேச ஆலோசனை நிறுவனத்தை இலவசமாகவே கூட்டிக்கொண்டு போய்ச் சில ஆலைகளில் விட்டார்கள். செய்ததெல்லாம் சாதாரண வேலை: பழுதைப் பதிவு செய்து தினமும் பார்ப்பது, நூல் ஸ்டாக்கை ஒழுங்காக அடுக்கிக் கணக்கு வைப்பது, மெஷினை முன்கூட்டிப் பராமரிப்பது. முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இவ்வளவு லாபமென்றால் முன்பே ஏன் செய்யவில்லை? சில வழிமுறைகளை முதலாளிகள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்ட மற்றவற்றை "நமக்கு ஒத்துவராது" என்று ஒதுக்கியிருந்தார்கள். ஃபோர்மேனுக்குத் தெரிந்திருந்தாலும் முதலாளி தலையாட்டாமல் அந்த ஆலைகளில் எதுவும் நகராது.

சில வருடம் கழித்து அதே குழு திரும்பிப் போய்ப் பார்த்தது. புதிதாகக் கொண்டுவந்த பழக்கங்களில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியது ஒரு காரணம். இயக்குநர்களுக்கு நேரமில்லாமல் போனது இன்னொரு காரணம். ஆலோசகர் வந்துவிட்டுப் போய்விடுவார், மேலாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். போகாமல் இருக்கப்போவது ஓனர் ஒருவர்தான். விஷயம் அவர் தலையில் ஏறவில்லையென்றால் அந்த ஆலையில் வேறு எங்கே தங்கும்?

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு என் ஃபோர்மேன் ஃபோன் செய்தார். "எங்களுக்குத் தெரிஞ்சாலும்னு போட்டிருக்கீங்களே, போன வருஷம் நான் சொன்னதைத்தானே சொல்றீங்க?"

எதைச் சொல்கிறார் என்று இங்கே விளக்கப் போவதில்லை.

பிப்ரவரி 12

வகுப்பில் என்னதான் நடக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் போன நிதி வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் சொந்தத் தொழில் செய்பவர்கள். பாடம் எடுத்தவர் ஒரு பெண்மணி, வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். வந்ததும் போர்டில் ஒன்றும் எழுதாமல், "உங்க பார்ட்டிகள்கிட்ட இருந்து பணம் வர சராசரியா எத்தனை நாள் ஆகுது?" என்று கேட்டார். அறையில் அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தோம். ஒருவர் மட்டும், "கேட்டா வரும் மேடம்" என்றார்.

அப்புறம் அவர் போட்ட கணக்கு இதுதான். மூலப்பொருள் வாங்கி, ஓட்டி, சரக்காக்கி அனுப்ப 40 நாள். அனுப்பிய பின் பணம் வர 60 நாள். நாம் சப்ளையருக்குக் கொடுக்க 30 நாள் தவணை. 40, 60 கூட்டி 30 கழித்தால் 70. ஆக எந்நேரமும் 70 நாள் செலவு வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது. தினசரிச் செலவு 1 என்றால் 70 அடைபட்டிருக்கும். விற்பனையை இரட்டிப்பாக்கினால் 140. அந்தக் கூடுதல் 70 எங்கிருந்து வரும்? லாபத்திலிருந்து வர மாதங்கள் ஆகும். சம்பளத் தேதி அதுவரை காத்திருக்காது.

"ஆர்டர் குவியுது, ஆனா கையில காசு இல்ல" என்று நாம் எல்லோரும் புலம்பியிருப்போம். ராசி, திருஷ்டி என்று என்னென்னவோ காரணம் சொல்லியிருப்போம். மூன்று எண்ணைக் கூட்டிக் கழித்தால் தெரிகிற விஷயம். அந்த 60ஐ 50 ஆக்கினாலே 10 நாள் செலவு வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடுகிறது. எந்த வங்கி அப்படிக் கொடுக்கும்?

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பத்து நிமிஷத்துக்கு ஒருவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஒரு கட்டத்தில் வகுப்பில் இருந்ததைவிட வராண்டாவில் அதிகம் பேர். "அந்த நீலக் கலர் டப்பாவில் இருக்கும் பாரு, இல்லப்பா, அதுக்குக் கீழே" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு டப்பா எங்கே இருக்கிறது என்று முதலாளியைக் கேட்டால்தான் தெரியும் என்ற நிலையில் ஒரு கம்பெனி.

பிப்ரவரி 13

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் வெளியே போய் உட்காரும்போதுதான் கம்பெனி எந்தெந்த இடத்தில் நம்மை நம்பித் தொங்குகிறது என்பது வெளியே வரும். வந்த ஃபோன்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன்: எதற்கு, யாரிடமிருந்து. பெரும்பாலானவை விலையில் சின்ன மாற்றத்துக்கு அனுமதி, லாரி அனுப்பலாமா, ஒரு சாவி எங்கே. அதில் பாதியை அந்த வாரமே கீழே இருப்பவர்கள் பொறுப்பில் தள்ளிவிட்டேன். பாடத்திலிருந்து கற்றதைவிட அந்தத் தாளிலிருந்து கற்றது அதிகமோ என்று சில சமயம் தோன்றும்.

பிப்ரவரி 15

வகுப்பெல்லாம் வேண்டாம், சக தொழில்காரர்களோடு பேசினாலே போதும் என்று ஒரு கருத்து. பேச்சு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

சீனாவில் நான்சாங் நகரத்தில் 2,820 நிறுவனங்களை வைத்து ஒரு சோதனை. முதலாளிகளையும் மேலாளர்களையும் சிறு குழுக்களாகப் பிரித்து ஒரு வருடம் மாதம் தவறாமல் சந்திக்க வைத்தார்கள். குழுவில் இருந்தவர்களின் வருமானம், இல்லாதவர்களைவிட 8 சதவீதம் போல அதிகரித்தது. தன்னைவிடப் பெரிய, நன்றாக நடக்கும் நிறுவனத்தார் இருந்த குழுவில் விழுந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். கட்டணம் கிடையாது, மேடைப் புகை கிடையாது.

இது ஒன்றும் புதிசு இல்லை. 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற இளம் அச்சுக்காரர், தொழிலில் நம்ம ஜாதிதான், கைத்தொழில்காரர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை இரவு கூடும் ஒரு சங்கம் வைத்தார். கூட்டத்தில் கேட்டுக்கொள்ள நிலையான கேள்விப் பட்டியல் இருந்தது. ஊரில் யாராவது சமீபத்தில் தொழிலில் நொடித்தார்களா, காரணம் என்ன என்று ஒரு கேள்வி. யாராவது செழித்து வருகிறார்களா, எந்த வழியில் என்று இன்னொன்று. ஜெயித்தவர் கதையோடு நிறுத்தாமல் நொடித்தவர் கதையையும் முறை வைத்துக் கேட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

பிப்ரவரி 16

மேலே உள்ளதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. அதே சீன ஆய்வில், போட்டிக்கு உதவும் ஒரு தகவலைச் சிலரிடம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் போட்டியாளர்கள் அதிகமாக இருந்த இடத்தில் அது அவ்வளவாகப் பரவவில்லை. எதிர்பார்த்ததுதான். அட்டைப்பெட்டிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ரீல் விலை ஏறிப்போச்சு என்று புலம்புவோம், யார் யாரிடம் எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதைச் சொல்ல மாட்டோம். என் குழுவில் இருப்பவர்கள் பல் டாக்டர், டிராவல்ஸ்காரர், தையல் யூனிட் நடத்தும் அம்மா, இப்படித்தான். ஒருவருக்கொருவர் பார்ட்டியைப் பிடுங்க வழியில்லை. அதனால் சம்பள விவரம் வரைக்கும் மேஜை மேல் வைத்துப் பேச முடிகிறது.

அந்த அம்மாவிடம் காஸ்டிங் பேச மட்டும் நான் தயாராகாமல் போக மாட்டேன். கேள்வி கேட்டே வியர்க்க வைத்துவிடுவார்.

பிப்ரவரி 20

"இதெல்லாம் சரி, மெஷினா படிப்பா என்பதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை" என்று இழையை ஆரம்பித்தவர் திரும்ப வந்திருக்கிறார். வாங்க.

எங்கள் தொழிலில் பிரிண்டிங் மெஷினில் ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப் ஏறுவதற்குள் நேரம் போய்விடும். மெஷின் நின்ற பிறகுதான் ஒருவர் அடுத்த பிளேட்டைத் தேடிப் போவார், இன்னொருவர் இங்க் கலப்பார், வடிவம் கொடுக்கும் அச்சான டையைத் துடைப்பார். ஆர்டர் கூடக்கூட "மெஷின் பத்தலை" என்ற பேச்சு வரும். கொட்டேஷன்கூட வாங்கி வைத்திருந்தேன்.

அப்போது ஒரு பயிற்சிப் பட்டறையில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் பிடித்ததை, அவரும் அங்கிருந்தவர்களும் சேர்ந்து முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார்கள். சூட்சுமம் எளிது. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரி. இரண்டாவது வகையை எல்லாம் முன்னாடியே முடித்து வை. நாங்கள் ஒரு தள்ளுவண்டி செய்தோம். அடுத்த ஜாப்புக்கான பிளேட், கலந்த இங்க், டை, ஸ்பேனர் எல்லாம் அதில் ஏறி, ஓடுகிற மெஷின் பக்கத்தில் தயாராக நிற்கும். மூன்று நிமிடமெல்லாம் எங்களுக்கு வரவில்லை. ஆனால் வாங்கி வைத்த கொட்டேஷன் காலாவதியாகிப் போனது, திரும்பக் கேட்கத் தேவை வரவில்லை.

மெஷினே வாங்கக் கூடாது என்று பொருள் இல்லை. இருக்கிற மெஷின் முழுசாக ஓடியும் பத்தவில்லை என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். முழுசாக ஓடுகிறதா என்று சொல்ல உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. மெஷின் விற்பவரிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

பிப்ரவரி 21

"உங்கள் ஃபோர்மேன் போன வருஷம் சொன்னது இதைத்தானா?" என்று கேட்ட மூவருக்கும்: ஆமாம்.

பிப்ரவரி 24

எதில் ஆரம்பிக்க என்ற கேள்விக்கு. கோர்ஸ் பட்டியலைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். அடுத்த சில மாதங்களில் நீங்கள் எடுத்தே ஆக வேண்டிய ஒரு முடிவை எழுதுங்கள்: கடன் வாங்குவதா, புது ஆளைப் போடுவதா, விலை ஏற்றுவதா, ஒரு பெரிய பார்ட்டியை விடுவதா. அதற்கு எது தெரியாமல் திணறுகிறீர்களோ அதைப் படியுங்கள். படித்த வாரமே பயன்படுத்த இடம் இருக்கும், அதனால் மறக்காது. முடிவு எதுவும் இல்லாமல் "தலைமைப் பண்பு" என்று பொதுவாகப் போய் உட்கார்ந்தவர்களின் ஃபைல்கள் அலமாரியில் அழகாக இருக்கின்றன.

சொல்லிக் கொடுப்பவரிடம் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "என் நிறுவனத்தின் எண்களைக் கொண்டுவந்தால் அதை வைத்துப் பாடம் எடுப்பீர்களா?" தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கட்டணத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், உண்மையில் விலை அதிகம் நேரத்துக்குத்தான். ஓனரின் வாரத்தில் அரை நாள் ஒதுக்குவது பணம் கட்டுவதைவிடக் கஷ்டம்.

மார்ச் 2

கடைசியாக வந்த கேள்வி: "எனக்கு வயதாகிவிட்டது, மகள் எம்பிஏ முடித்து வருகிறாள், அவளே போதாதா?"

நல்லதுதான். ஆனால் அவள் வந்து முதல் மாதமே "அப்பா, இந்தப் பார்ட்டிக்குக் கொடுக்கிற விலையில் நமக்கு நஷ்டம்" என்பாள். அந்தப் பார்ட்டி உங்களோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவராக இருப்பார். அவள் சொல்வது சரியா, புத்தகத்தை மட்டும் வைத்துப் பேசுகிறாளா என்று உங்களால் எண்களை வைத்துச் சொல்ல முடியவில்லையென்றால், "உனக்கென்ன தெரியும்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். இரண்டு தடவை அப்படிச் சொன்னால் மூன்றாவது தடவை அவள் வேறு கம்பெனியில் வேலை தேடிக்கொள்வாள்.

அவளோடு சேர்ந்தே ஒரு வகுப்புக்குப் போங்கள். வேறு வேறு பெஞ்சில் உட்காருங்கள்.